துருவுக்கு மேலே பூசிய வர்ணம் யாருக்காக?

தோட்டத்தில் பழைய ஸ்டோர் கூரையைக் கழற்றினாலும், ஒரு லயத்துக்குப் புதுக்கூரை போட்டாலும், மிஞ்சும் தகரம் எங்கே போகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். "வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று காலைப் பெரட்டில் ஒரு வார்த்தை சொல்லப்படும். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிவதற்குள் குவியல் காலியாகிவிடும். பலமுள்ளவர் நல்ல தகரத்தைத் தூக்கிப்போவார். பென்சன் வாங்கிய கிழவிக்கும், தோட்டத்தில் பேர் இல்லாத குடும்பத்துக்கும் ஓட்டைத் தகரம் மிஞ்சும். சில மாதம் கழித்து யாராவது பெரியவர் பார்வையிட வருகிறார் என்றால், அதே துருவுக்கு மேலே ஒரு பூச்சுச் சிவப்பு பெயின்ட் ஏறும். படமும் எடுப்பார்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெயின்ட் அப்பளம் போல உரிந்து பீலியில் விழும். "கூரைதான் கொடுத்தோமே" என்ற பதில் மட்டும் உரியாமல் அப்படியே இருக்கும்.

பழைய தகரம் வேண்டாம் என்று நான் எழுதவரவில்லை. ஒழுகும் வீட்டில் பிள்ளையின் புத்தகத்தை எந்த மூலையில் வைப்பது என்று தேடுகிற தாய்க்கு, "புது வீடு வரும்வரை பொறு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நன்றாகச் சுத்தம் செய்து முறையாகப் பெயின்ட் பூசிய பழைய தகரம் பல வருடம் உழைக்கும். ஆகவே அதை வாங்குவதா விடுவதா என்று வாதாடுவதில் பயனில்லை. எந்த நிலையில், யாருடைய செலவில், யாருடைய உழைப்பில் அந்தத் தகரம் நம் தலைக்கு மேலே ஏறுகிறது என்பதைத்தான் சங்கம் கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு முதலில் நமக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

கூரை யாருடையது?

கோப்பிக் காலத்தில் தொடங்கிய லயன் முறை தேயிலைக் காலத்திலும் தொடர்ந்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. துரை மாறினார், பெயர்ப்பலகை மாறியது. லயம் மட்டும் நம்முடையதாக மாறவில்லை. பெரும்பாலான குடும்பங்களிடம் தாம் படுத்தெழும்பும் காம்பிராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தபோது நாம் எழுப்பிய முக்கியமான கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன.

சுவருக்கு உரிமை இல்லை, நிலத்துக்கு உரிமை இல்லை, இஸ்தோப்பில் ஒரு கதவு வைப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் கூரை ஒழுகும்போது மட்டும் அது "உங்கள் வீடு" ஆகிவிடுகிறது. உரிமை ஒருவரிடமும் பராமரிப்பு இன்னொருவரிடமும் இருக்கும் இந்தக் கணக்கை நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது. லயத்தைத் தன் சொத்தாக வைத்திருப்பவரே அதன் கூரையையும் பார்க்க வேண்டும். பழைய தகரம் கொடுப்பது தானமும் இல்லை, சலுகையும் இல்லை. செய்யவேண்டிய பராமரிப்பில் அது ஒரு பகுதி. மற்றப் பகுதி கம்பிப் பிரஷ், பெயின்ட், ஆணி, கூலி. அந்தப் பகுதியைத்தான் நாம் இதுவரை கேட்காமலே விட்டிருக்கிறோம்.

தகரம் ஏன் கெட்டுப்போகிறது?

சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். நம் கூரைத் தகரம் இரும்பு. அதற்கு மேலே நாகம் என்ற உலோகத்தின் மெல்லிய பூச்சு இருக்கிறது. மழையும் காற்றும் தாக்கும்போது நாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். சிறிய கீறல் விழுந்தாலும் பக்கத்தில் உள்ள நாகம் அந்த இடத்துக்குக் காவல் நிற்கும். நாகம் முடிந்துபோன இடத்தில்தான் சிவப்புத் துரு தெரியத் தொடங்கும்.

லயத்துக் கூரைக்கு இரண்டு பக்கமும் எதிரி. மேலே மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும். கீழே விறகடுப்புப் புகை. இரவுக் குளிரில் தகரத்தின் உட்பக்கம் வியர்க்கும். அந்த ஈரம் புகைக்கரியோடு சேர்ந்து தகரத்தை அரிக்கும். அதனால்தான் குசினிக்கு மேலே உள்ள தகரம் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே பொரிந்துபோய் இருக்கிறது. தகரமும் தகரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்கில் தண்ணீர் தங்கும், அங்கேயும் துரு வேகமாகப் பிடிக்கும். காற்றுக்குப் பறக்காமல் இருக்க நாம் ஏற்றிவைக்கும் கல், மணல்மூட்டை, பழைய டயர் ஆகியவற்றின் அடியிலும் இதே கதைதான். மேற்பக்கம் மட்டும் சிவப்பு அடித்துவிட்டுப் போகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள்.

முதலில் மூன்று குவியல்

தகரம் வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். வெயில் உள்ள நேரத்தில் ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்து மறுபக்கம் நின்று பாருங்கள். ஊசித்துளை விழுந்திருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். சிறு சுத்தியலால் தட்டுங்கள். துருப் பிடித்த இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். பிறகு சோக்கட்டியால் அடையாளம் போட்டு மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, நாகப்பூச்சு பெருமளவு மிஞ்சியிருந்து அங்கங்கே மட்டும் துருப்பிடித்த தகரம். இது வீட்டுக் கூரைக்கு. இரண்டாவது, முழுவதும் சிவந்திருந்தாலும் தட்டினால் கெட்டியாக ஒலிப்பது, அழுத்தினால் உள்ளே போகாதது. சுத்தம் செய்து பெயின்ட் பூசினால் இது விறகுக் கொட்டிலுக்கும் குளியலறைக்கும் உதவும். நுனிதான் கெட்டிருந்தால் அதை வெட்டிவிட்டு நடுப்பகுதியை எடுக்கலாம். மூன்றாவது, படைபடையாகக் கழறுவது, கையால் ஒடிவது, சல்லடையாக இருப்பது. இது பழைய இரும்புக்காரனுக்கு மட்டும்தான். எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் இது கூரை ஆகாது. துருவுக்கு உள்ளே இரும்பு இல்லாவிட்டால் பெயின்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இந்தப் பிரிப்பு தோட்டக் கமிட்டியின் முன்னால் நடக்க வேண்டும் என்பது என் முதல் வாதம். எந்தச் சங்கத்துக்குச் சந்தா போகிறது என்று பார்த்துத் தகரம் கொடுக்கக்கூடாது. ஒழுகும் வீடு எது, கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீடு எது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். மாதர் சங்கத் தலைவிகள் இதில் முன்னுக்கு நிற்க வேண்டும். எந்த வீட்டில் எத்தனை சட்டி வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

கழுவு, தேய், காயவை, பூசு

பெயின்டின் ஆயுள் டின்னில் இல்லை, அதற்கு முன்னால் செய்யும் வேலையில் இருக்கிறது. முதலில் சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவ வேண்டும். கரியும் பாசியும் எண்ணெய்ப்பசையும் போகாமல் பெயின்ட் ஒட்டாது. சுத்தத் தண்ணீரில் அலசிக் காயவிட்ட பிறகு, கம்பிப் பிரஷால் துருவைச் சுரண்டி, எமரிப் பேப்பரால் தேய்க்க வேண்டும். உதிருகிற துரு முழுவதும் போக வேண்டும். இரும்போடு கெட்டியாக ஒட்டிய மெல்லிய கறை இருந்தால் பரவாயில்லை. பளபளப்பாக நாகம் இருக்கிற இடத்தை வெறிகொண்டு தேய்க்காதீர்கள். அது நமக்கு மிஞ்சியிருக்கும் காவற்காரன்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்டோர்த் தகரத்தில் ஏற்கனவே பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அந்தக் காலத்துச் செந்நிற அடிப்பூச்சுகளில் ஈயம் சேர்ப்பது உலக வழக்கம். அந்தத் தூள் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே பழைய பெயின்டைக் காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். முகமூடி போடுங்கள். இஸ்தோப்பிலும் பிள்ளைக் காம்பிரா பக்கத்திலும் மரக்கறிப் பாத்தி ஓரத்திலும் இந்த வேலை வேண்டாம். சுரண்டியதைக் கூட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அஸ்பெஸ்டஸ் சீட்டைக் கம்பிப் பிரஷால் தொடவே வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குள் போய்ப் பல வருடம் கழித்து ஆளைக் கொல்லும்.

தேய்த்த தகரத்தை அன்றைக்கே அடிப்பூச்சு பூசிவிட வேண்டும். நம் மலையில் ஒரு இரவு மூடுபனி போதும், தேய்த்த இரும்பு காலையில் மறுபடி சிவந்திருக்கும். துருவெடுத்த இரும்புக்குக் கடையில் அன்டி கொரோசிவ் என்று கேட்டு வாங்கும் துருத்தடுப்புப் பூச்சு. நாகம் வெளியே தெரியும் இடத்துக்கு அதற்கென்று உள்ள பிரைமர். இந்த வேறுபாடு முக்கியம். சாதாரண எண்ணெய் எனாமலை நேரே நாகத்தின்மேல் பூசினால், இரண்டும் தாக்கமுற்றுச் சவர்க்காரம் போன்ற ஒரு படை நடுவில் உண்டாகும். பெயின்ட் தோல் தோலாகக் கழன்றுவிடும். பல லயங்களில் நாம் பார்க்கும் உரிந்த கூரைகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

துருவைக் கறுப்பாக்கி அடக்கும் திரவமும் கடையில் உண்டு. பலவற்றில் தனிக் அமிலம் இருக்கிறது. கொழுந்துச்சாறு பட்ட கத்தி கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. ஆனால் உதிரும் துருவின்மேல் அதை ஊற்றிப் பயனில்லை. தேய்ப்பதற்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்தபின் வெளிப்பக்கம் இரண்டு பூச்சு, உட்பக்கம் ஒரு பூச்சு. விளிம்பையும், அடுத்த தகரத்துக்குள் மறையும் பகுதியையும் விடக்கூடாது. தகரம் தரையில் இருக்கும்போதே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும். மேலே ஏற்றியபிறகு உட்பக்கத்தையும் இடுக்கையும் யாராலும் பூச முடியாது. அதைவிட, துருப்பிடித்த கூரையில் ஏறி நிற்பது ஆபத்து. கால் வைத்த இடம் உள்ளே போனால் ஆளும் உள்ளே போவார்.

ஏற்றும்போது ஆணி தகரத்தின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. ஆணிக்கு வொஷர் போட வேண்டும். பழைய ஆணித்துளைகளைத் தார்ப் பசையால் அடைக்க வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை அலை, மேல் கீழாக ஆறு அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ரீப்பை உக்கிப்போயிருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். உக்கிய மரத்தில் அறைந்த ஆணி முதற்காற்றிலேயே கழன்றுவிடும்.

கூரைத் தண்ணீரைப் பிடித்துப் புழங்கும் வீடுகள் பெயின்ட் டின்னில் ஈயம் இல்லை என்ற குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். பூசியபிறகு வரும் முதல் சில மழைத் தண்ணீரைச் சமைக்கவோ குடிக்கவோ எடுக்கவும் கூடாது.

எப்போது செய்வது?

ஒரே சுற்றறிக்கை எல்லா மலைக்கும் பொருந்தாது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் பெயின்டுக்கு நல்ல காலம். பதுளை, பசறைப் பக்கம் வருடக் கடைசியில் மழை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில். கணக்காண்டு முடிகிறது என்பதற்காக மழை நாளில் பெயின்ட் டின் அனுப்புகிற நிர்வாகத்துக்கு இதை எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும். காலைப்பனி காய்ந்தபின் தொடங்கி, பின்னேரப் பனி இறங்குவதற்குள் பூசியது காய்வதற்கு நேரம் விட்டு நிறுத்த வேண்டும்.

கணக்கைக் கையில் வைத்துக் கேட்போம்

ஒரு குடும்பத்தின் காம்பிரா, குசினி, இஸ்தோப்பு எல்லாவற்றுக்கும் 20 தகரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தகரம் 8 அடி நீளம், இரண்டரை அடி அகலம். ஒரு பக்கம் மொத்தம் 400 சதுர அடி. அலை அலையாக இருப்பதால் பத்திலொரு பங்கு கூட்டினால் 440. ஒரு லீற்றர் ஏறக்குறைய 100 சதுர அடிக்கு ஒரு பூச்சு வரும். இரண்டு பக்கமும் அடிப்பூச்சுக்கு 9 லீற்றர். வெளிப்பக்கம் இரண்டு மேற்பூச்சுக்கு இன்னொரு 9. உட்பக்கத்துக்கு நாலரை. எல்லாமாக ஏறக்குறைய 22 லீற்றர், அதாவது 4 லீற்றர் டின் ஆறு. சொரசொரப்பான தகரம் இன்னும் கொஞ்சம் குடிக்கும்.

இப்போது "ஒரு லயத்துக்கு இரண்டு டின்" என்று வருகிற பெயின்டை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இரண்டு டின்னால் ஒரு குடும்பத்தின் தகரத்துக்கு அடிப்பூச்சுக்கூட முடியாது. இது கோபப்பட்டுக் கத்துவதற்கான விஷயம் அல்ல. கடதாசியில் கணக்கைப் போட்டு மேசையில் வைக்க வேண்டிய விஷயம். "பெயின்ட் போதாது" என்று சொன்னால் துரை சிரிப்பார். "20 தகரம், 880 சதுர அடி, 22 லீற்றர்" என்று சொன்னால் அவர் கணக்கப்பிள்ளையைக் கூப்பிடுவார்.

தோழர்கள் சிலரின் கேள்வி

"நாமே தேய்த்து நாமே பூசினால், நிர்வாகத்தின் கடமையை நம் தலையில் போட்டுக்கொள்வதாகாதா?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிரமதானம் என்ற பெயரில் நம் ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை போயிருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். என் பதில் இதுதான்: வேலை செய்வது வேறு, இனாமாகச் செய்வது வேறு. கவ்வாத்துக்கும் மருந்தடிப்புக்கும் பேர் போடுகிற தோட்டம், தன் சொத்தின் கூரையைத் தேய்ப்பதற்கும் பேர் போட வேண்டும். வேலை தெரிந்த நம் இளைஞர்கள் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய் இதே பெயின்டைக் கூலிக்கு அடிக்கிறார்கள். சொந்த லயத்தில் மட்டும் அந்தக் கைக்கு விலை இல்லாமல் போவது ஏன்?

இன்னொரு பக்கம், "கூரையை நன்றாக்கிவிட்டால் வீட்டுக் கோரிக்கை அடிபட்டுப்போகும்" என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. பெயின்ட் பூசிய லயம் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு வீடு போலத் தெரியும். ஆகவே ஒவ்வொரு கூரை வேலையின்போதும் ஒரு வரி எழுத்தில் இருக்க வேண்டும்: இது தற்காலிகப் பராமரிப்பு, தனி வீட்டுக்கும் காணி உறுதிக்கும் பதிலாகாது. மண்சரிவு அபாயம் என்று அடையாளமிட்ட இடங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கியபோது கூரை எந்த நிறம் என்று அது பார்க்கவில்லை. அப்படிப்பட்ட லயத்துக்குப் பெயின்ட் கொடுத்தால், "எங்களுக்கு வேண்டியது இடம்" என்று திருப்பிச் சொல்லத் துணிய வேண்டும்.

தோட்டக் கமிட்டிகள் கேட்கவேண்டியவை

1. கழற்றிய தகரம் கமிட்டியின் முன்னால் மூன்றாகப் பிரிக்கப்பட வேண்டும். மூன்றாம் ரகம் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. குறையும் தகரத்துக்குப் புதுத் தகரம் வேண்டும்.

2. பெயின்ட், பிரைமர், கம்பிப் பிரஷ், எமரிப் பேப்பர், கையுறை, முகமூடி, வொஷருடன் ஆணி, தேவையான ரீப்பை எல்லாம் தகரத்தோடு சேர்ந்து வர வேண்டும். அளவு சதுர அடிக் கணக்கில் இருக்க வேண்டும்.

3. தேய்ப்பவருக்கும் பூசுபவருக்கும் ஏற்றுபவருக்கும் முழுப்பேர் போட வேண்டும்.

4. வேலை அந்தந்த மலையின் வெயில் காலத்தில் நடக்க வேண்டும்.

5. எந்த வீட்டுக்கு எத்தனை தகரம், எத்தனை டின், எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பக்கமும் கையொப்பம் வைக்க வேண்டும். ஒரு பிரதி கமிட்டியிடம் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்ன கொப்பி சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் நம் பெற்றோர் காலத்தில் வாயால் கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் காற்றோடு போனது எழுத்து இல்லாததால்தான். படித்த பிள்ளை இல்லாத லயம் இன்று குறைவு. ஒரு லயத்துக்கு ஒரு பிள்ளை வீதம் இந்தக் கணக்கை எழுதட்டும். தகரம் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு நாளைக்குச் சம்பளச் சீட்டையும் எண்ணத் தெரியும்.

அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வரும் தலைவர்கள், தலைவிகள் தங்கள் லயத்தில் ஒழுகும் காம்பிராக்களின் பட்டியலை எடுத்து வாருங்கள். பழைய தகரம் எங்கே அடுக்கியிருக்கிறது என்பதையும் பார்த்து வாருங்கள். மழை பிடிப்பதற்கு முன்னால் மாவட்டக் காரியாலயத்தின் ஊடாக ஒரே கடிதமாகக் கொடுப்போம்.